இனிஷியல் யாருடையது?

காலை ஆறே முக்காலுக்கு போன் அடித்தால் அதில் இரண்டே ரகம்தான். ஒன்று, சொந்தத்தில் யாராவது காலமாகியிருப்பார்கள். இரண்டு, சொந்தத்தில் யாருக்காவது பணம் தேவைப்படும். போன வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் எனக்கு வந்தது மூன்றாவது ரகம்.

"அண்ணா, கடையைச் சாத்திட்டாங்க" என்றான் சித்தி பையன், பெருங்குடியிலிருந்து.

"எந்தக் கடைடா?"

"நம்ம ஆட்-ஆன்தான். ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் வந்துது. பேரு சரியில்லையாம். லிஸ்ட்லேர்ந்து தூக்கிட்டாங்க."

'பேரு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் தூக்கம் பறந்துவிட்டது. ஏனென்றால்... ஹி... ஹி... அந்தப் பெயரை வைத்ததே அடியேன்தான்!

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஸ்கூட்டர் வாங்குகிறோம். அதற்குக் கூடை, சைடு பாக்ஸ், மட்-கார்டு எல்லாம் வெளியில் வாங்கி மாட்டுகிறோம் அல்லவா? அந்த மாதிரி, பெரிய கம்பெனிகளின் ஸாஃப்ட்வேரில் கூடுதல் வசதிக்காகச் சின்னக் கம்பெனிகள் எழுதித் தரும் குட்டி ஸாஃப்ட்வேர்தான் 'ஆட்-ஆன்'. அதைப் பெரிய கம்பெனியே இன்டர்நெட்டில் ஒரு கடை திறந்து, பட்டியல் போட்டு விற்க அனுமதிக்கும்.

என் தம்பி எழுதியது ஒரு பிரபல கணக்கு ஸாஃப்ட்வேருக்கு. (கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். கட்டுரையைப் படித்து முடித்ததும் ஏன் சொல்லவில்லை என்று புரியும்.) கடைக்காரர் பில் போட்டால் தொகையைத் தமிழில் எழுத்தால் அச்சடித்துக் கொடுக்கும். 1,219 என்றால் 'ஆயிரத்து இருநூற்றுப் பத்தொன்பது ரூபாய் மட்டும்'.

'இதென்ன பிரமாதம்' என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கிலீஷில் எண்களை வரிசையாக நிறுத்தினால் போதும். தமிழில் 'ஆயிரம்' அடுத்த எண்ணைப் பார்த்ததும் 'ஆயிரத்து' ஆகும். 'இருநூறு' குனிந்து 'இருநூற்று' ஆகும். நடுவில் ஒரு 'ப்' எட்டிப் பார்க்கும். தொண்ணூறு ஒரு பக்கம் இழுக்கும், தொள்ளாயிரம் இன்னொரு பக்கம். என் சித்தப்பா தமிழ் வாத்தியார். பிள்ளை தப்பான சந்தியில் பேசினால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் போன பிறகு, அவருடைய நோட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு எட்டு மாதம் மண்டையை உடைத்து இதை எழுதினான் பையன்.

எழுதி முடித்த கையோடு கந்தன்சாவடி டீக்கடையில் என்னிடம் ஆலோசனை கேட்டான். விதி! "ஒரு நல்ல பேர் சொல்லுங்கண்ணா. நீங்கதான் பத்திரிகையில எழுதறீங்க, பி.காம். வேற."

பி.காம். மூளை வேலை செய்தது. "டேய், உன் பேரை எவன்டா தேடப் போறான்? பெரிய கம்பெனி பேரை முன்னாடி போடு. பின்னாடி 'தமிழ் பில்'னு ஒட்டு. தேடறவன் கண்ணுல முதல்ல நீதான் படுவே. அவங்க நீலக் கலரையே நீயும் போட்டுடு."

"அது அவங்க பேராச்சேண்ணா?"

"அவங்களுக்கு ஓசி விளம்பரம்டா! சந்தோஷப்படுவாங்க."

மூன்று வருஷம் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், அதாவது கவனிக்காமல் இருந்தார்கள். நானூற்றுச் சொச்சம் கடைகள் சந்தா கட்டின. தம்பி மூன்று பேரை வேலைக்கு வைத்தான். பாங்க் கடன் வாங்கி மாடியில் ஒரு ஏ.ஸி. மாட்டினான். இப்போது இந்த மெயில்.

பறக்கும் ரயிலில் பெருங்குடி ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் குலுங்கி, மெட்ரோ ரயில் வேலையின் தூசியை அரைக் கிலோ விழுங்கி, அவன் ஆபீஸுக்குப் போனேன். நாலு நாற்காலியிலும் நாலு பேர், எழவு வீடு மாதிரி.

மெயிலைப் படித்தேன். மரியாதையான பாஷை. 'எங்கள் பெயரில் ஆரம்பிக்கிறீர்கள். எங்கள் நிறத்தில் படம் போட்டிருக்கிறீர்கள். இது நாங்களே தயாரித்தது என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். எங்கள் விதிமுறையில் இதற்கு இடமில்லை. இரண்டையும் மாற்றிப் புதிதாக விண்ணப்பித்தால் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம்.' அவ்வளவுதான்.

ஆனால் புதிதாகச் சேர்த்தால் பழைய மதிப்பெண், பாராட்டு, நட்சத்திரம் எதுவும் கூட வராது. மூன்று வருஷம் கழித்து மறுபடியும் எல்.கே.ஜி.!

எனக்குக் கோபம் வந்தது. குற்றம் செய்தவனுக்குத்தான் கோபம் சீக்கிரம் வரும். "பேருக்குப் பட்டா போட்டு வெச்சிருக்காங்களா? கோர்ட்டுக்குப் போவோம்டா!" என்று குதித்தேன். ஹைகோர்ட்டில் பிராக்டீஸ் செய்யும் வக்கீல் நண்பருக்கு போன் போட்டேன்.

அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "உங்க சித்தி வீட்ல குக்கர் இருக்கா?" என்றார்.

"என்ன ஸார், நான் கம்ப்யூட்டரைப் பத்திப் பேசறேன்..."

"நானும் அதைத்தான் பேசறேன். குக்கருக்கு கேஸ்கட் போடறோமே, அது ஆட்-ஆன்தானே?"

பிறகு அவர் சொன்ன கதை இது. டில்லி உயர் நீதிமன்றத்தில் 2012-ல் தீர்ப்பான வழக்கு. ஹாக்கின்ஸ் குக்கர் கம்பெனி ஒரு பக்கம், முருகன் என்டர்பிரைசஸ் என்ற நிறுவனம் இன்னொரு பக்கம். அவர்கள் 'மயூர்' என்ற தங்கள் சொந்தப் பெயரில்தான் கேஸ்கட் விற்றார்கள். (முருகனுக்கு மயில், பொருத்தம்தான்!) ஆனால் பாக்கெட்டில் 'ஹாக்கின்ஸ் பிரஷர் குக்கருக்குப் பொருந்தும்' என்று அச்சடித்திருந்தார்கள். மற்ற வார்த்தைகள் கறுப்பு, 'ஹாக்கின்ஸ்' மட்டும் சிவப்பு.

முதலில் ஒற்றை நீதிபதி கேஸ்கட்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அப்பீலில் இரண்டு நீதிபதிகள் மாற்றிவிட்டார்கள். அந்த கேஸ்கட் அதே அளவுள்ள எந்தக் கம்பெனி குக்கருக்கும் பொருந்தும். அப்படியிருக்க ஒரே ஒரு கம்பெனியின் பெயரை மட்டும் போடவேண்டிய அவசியம் என்ன? அதையும் தனிக் கலரில் ஏன் தூக்கிக் காட்ட வேண்டும்? இதுதான் அவர்கள் கேட்டதன் சாரம்.

"அப்படின்னா சின்னவன் வாயையே திறக்கக் கூடாதா ஸார்? எதுக்குப் பொருந்தும்னு சொல்லாம எப்படி விக்கறது?"

"திறக்கலாமே. சட்டமே அதுக்கு வழி விட்டிருக்கு" என்றார். 1999-ஆம் வருஷத்து டிரேட் மார்க் சட்டத்தில் 30-வது பிரிவு, 2-வது உட்பிரிவில் (ஈ)-க்குச் சமமான நாலாவது பத்தி. அதைப் பாமரத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: வேறொரு பொருளோடு சேர்ந்து வேலை செய்யும் துணைப் பொருளை விற்கிறவர், அது எதற்குப் பொருந்தும் என்று காட்ட, நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு அந்தப் பெயரைச் சொல்லலாம். ஆனால் இரண்டு பேருக்கும் இல்லாத உறவு இருப்பதாக எண்ணம் உண்டாக்கக் கூடாது.

"உங்க தம்பி ஸாஃப்ட்வேர் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும்தானே ஓடும்? அதனால 'இதோட சேர்ந்து ஓடும்'னு அவங்க பேரைச் சொல்றதுல தப்பே இல்லை. அந்த உரிமையை அவங்க பறிக்கவும் முடியாது. ஆனா அந்தப் பேரை எடுத்து இவர் தலையில வெச்சுக்கிட்டதும், அவங்க கலரைப் பூசிக்கிட்டதும் எந்த அவசியத்துக்கு? அந்த யோசனையை எந்தப் புத்திசாலி கொடுத்தான்?"

"ஸிக்னல் சரியா இல்ல ஸார்" என்று போனை வைத்துவிட்டேன்.

சாப்பாடு கொண்டுவந்திருந்த சித்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சாம்பாரைப் பரிமாறினாள். சித்திக்கு ஸாஃப்ட்வேர் தெரியாது, சட்டமும் தெரியாது. ஆனால் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"பேருக்கு முன்னாடி போட்டா அது இனிஷியல்டா. இன்னாரோட பிள்ளைன்னு அர்த்தம். தமிழ் சொல்லிக் கொடுத்தது உங்க சித்தப்பா. இனிஷியல் மட்டும் வேற யாரோடதோ!"

யாரும் அதற்கப்புறம் சாம்பார் கேட்கவில்லை.

சாயங்காலம் தம்பியும் நானும் ஓ.எம்.ஆரில் காலாற நடந்தோம். அந்த வட்டாரமே பெயர்ச் சண்டைகளுக்குப் பெயர்போனது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பெருங்குடி குளோபல் இன்ஃபோசிட்டியில் ஆபீஸ் போட்டு வளர்ந்த கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2010-ல் ஆரம்பித்தபோது அதன் பெயர் ஃப்ரெஷ்டெஸ்க். அமெரிக்காவில் அதே தொழிலில் ஸென்டெஸ்க் என்று ஒரு கம்பெனி ஏற்கெனவே இருந்தது. 2011-ல் ஸென்டெஸ்க் தலைவர், இது அப்பட்டமான காப்பி என்கிற தொனியில் ட்விட்டரில் போட்டுத் தாக்கினார். 'டெஸ்க்' என்ற பெயரே குழப்பம் உண்டாக்கத்தான் என்று ஒரு விமர்சகரும் சேர்ந்துகொண்டார். சென்னைக்காரர்கள் பயந்து ஒளியவில்லை. நாங்கள் காப்பியா இல்லையா, நீங்களே சொல்லுங்கள் என்று ஒரு இணையதளமே திறந்துவிட்டார்கள். 'ஹெல்ப்டெஸ்க்' என்பது ஊரார் சொத்து. அதன் வாலை யாரும் வைத்துக்கொள்ளலாம். தலை மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். அவர்களுக்குச் சொந்தத் தலை இருந்தது. 2017-ல் கம்பெனி பெயரை மாற்றியபோதுகூட 'டெஸ்க்' போயிற்று, 'ஃப்ரெஷ்' நின்றது. 2021-ல் அந்தப் பெயரோடு அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே போய்விட்டார்கள்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தரமணி டைடல் பார்க். அங்கே இருந்த ஸிஃபியின் கதை வேறு மாதிரி. 'சத்யம் இன்ஃபோவே' என்ற பெயரைச் சுருக்கி அவர்களாக உண்டாக்கிய வார்த்தை ஸிஃபி. எந்த அகராதியிலும் கிடையாது. பெங்களூரில் இன்னொரு கம்பெனி 'ஸிஃபிநெட்' என்று, ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டி, இணைய முகவரி வைத்தது. ஸிஃபி வழக்குப் போட்டது. பெங்களூர் சிவில் கோர்ட்டில் ஜெயித்தார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். கடைசியில் 2004 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார்கள். இணைய முகவரியும் வியாபாரப் பெயர் மாதிரிதான், அதற்கும் பாதுகாப்பு உண்டு என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் சென்னையிலேயே இருக்கிறது. பாரத்மேட்ரிமோனி நடத்திய கம்பெனி, கூகுளையும் போட்டிக் கல்யாணத் தளங்களையும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தது. எங்கள் பெயர்களை வைத்துத் தேடினால் போட்டியாளர் விளம்பரம் வருகிறது என்பது புகார். 2010 செப்டம்பரில் இடைக்காலத் தடை கொடுக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. 'தமிழ்', 'பாரத்', 'மேட்ரிமோனி' எல்லாம் பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

"ஆக, பொதுச் சொல்லைப் பூட்டி வைக்க முடியாது. புதுசா உண்டாக்கின சொல்லை அடுத்தவன் தொட முடியாது" என்றான் தம்பி. பையன் என்னைவிடச் சுறுசுறுப்பு.

வெளிநாட்டிலும் இதே கூத்துதான். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுஸர் தெரியுமே? அது பிறந்தபோது பெயர் ஃபீனிக்ஸ். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருந்ததால் 2003-ல் ஃபயர்பேர்ட் ஆயிற்று. அதே பெயரில் ஒரு டேட்டாபேஸ்காரர்கள் இருந்தார்கள். அவர்களும் முறைத்ததால் 2004-ல் ஃபயர்ஃபாக்ஸ். மூன்று பெயர் வைத்தும் பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தது. பெயரால் பட்ட பாடு அவர்களுக்கும் பாடமாகியிருக்க வேண்டும். ஆட்-ஆன் எழுதுகிறவர்களுக்கு அவர்கள் வைத்த விதி, உன் பெயரை முதலில் போடு, பின்னால் 'ஃபார் ஃபயர்ஃபாக்ஸ்' என்று போட்டுக்கொள் என்பதுதான். வேர்ட்பிரஸ் கடையிலும் அதே கதை. அடுத்தவர் டிரேட் மார்க்கில் உன் முகவரி ஆரம்பிக்கக் கூடாது.

பெரியவர்கள் எப்போதும் ஜெயிப்பார்கள் என்றும் இல்லை. 'லிண்டோஸ்' என்று பெயர் வைத்த ஒரு கம்பெனி மீது மைக்ரோஸாஃப்ட் 2001-ல் வழக்குப் போட்டது. 'விண்டோஸ்' என்பதே ஜன்னல் என்ற பொதுச் சொல்தானே என்று எதிர்த்தரப்பு மடக்க, விவகாரம் சிக்கலாகி, 2004-ல் ராஜி. லிண்டோஸ் தன் பெயரை விட்டுக்கொடுத்தது. வழக்குப் போட்ட மைக்ரோஸாஃப்ட் அதற்குக் கொடுத்தது 2 கோடி டாலர்!

இதைக் கேட்டதும் என் கண் பளபளத்தது. "அண்ணா, வேணாம்" என்றான் தம்பி. நான் வாய் திறக்கவே இல்லை.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? இங்கிலீஷில் 'இன்னது ஃபார் இன்னது' என்றால் சொந்தப் பெயர் முன்னால், அடுத்தவர் பெயர் பின்னால். தமிழில் 'இதற்கான அது' என்று தலைகீழாக வரும். நம் இலக்கணமே அடுத்தவர் பெயரை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஆகவே தமிழில் பெயர் வைக்கிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெயரைத் தனியாகப் போட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில், சாதாரணக் கலரில், 'இன்ன ஸாஃப்ட்வேருடன் இயங்கும். அந்த நிறுவனத்துடன் தொடர்பில்லை' என்று ஒரு வரி போட்டுவிட்டால் வம்பில்லை.

எல்லாம் பேசி முடித்தோம். நிஜமான அடி மறுநாள் விழுந்தது.

நானூறு கடைக்காரர்களுக்கும் போன் செய்து விஷயத்தைச் சொல்ல உட்கார்ந்தோம். நானும் ஒரு போனை எடுத்துக்கொண்டேன். பிராயச்சித்தம். முதல் ஆசாமி கேட்டார்: "அது அந்தப் பெரிய கம்பெனி கொடுத்ததுதானே? நீங்க யாரு ஸார் நடுவுல?" இரண்டாமவர்: "ஓ.டி.பி. கேக்கற கும்பலா நீங்க?" பத்தாவது போனுக்குள் புரிந்துவிட்டது. மூன்று வருஷம் எங்கள் பில்லைக் கிழித்துக் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு பையன் இருப்பதே தெரியாது. நல்ல ஸாஃப்ட்வேர் என்று பாராட்டினார்கள். யாரை? பெரிய கம்பெனியை!

தம்பி ஒன்றும் சொல்லவில்லை. போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான். அந்த மௌனத்துக்கு என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

எனக்குப் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் ஞாபகம் வந்தது. 'குட்வில்' என்பதற்குத் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் சொல் என்ன தெரியுமா? 'நற்பெயர்'! கண்ணுக்குப் புலனாகாத சொத்து. சராசரி இலாப முறை, உயர் இலாப முறை என்று அதற்கு விலை போடக் கற்றுக்கொடுத்தார்கள். பரீட்சையில் நான் நன்றாகவே எழுதினேன். ஆனால் சொல்லுக்குள்ளேயே 'பெயர்' உட்கார்ந்திருப்பதை இத்தனை வருஷம் பார்க்கவில்லை. அடுத்தவர் பெயரில் வியாபாரம் செய்தால், சேரும் நற்பெயர் அடுத்தவர் கணக்கில்தான் வரவு வைக்கப்படும். உழைப்பு நம் பற்று, புகழ் அவர் வரவு. இந்த ஐந்தொகை எப்படி டாலியாகும்?

திருட்டு என்று நான் நினைத்திருந்தால் அந்த யோசனையைச் சொல்லியே இருக்க மாட்டேன். குறுக்கு வழி என்றுதான் நினைத்தேன். அது பெரிய கம்பெனியை ஏமாற்றியதைவிட என் தம்பியைத்தான் அதிகம் ஏமாற்றிவிட்டது.

அப்புறம் புதுப் பெயர் தேடும் படலம். 'தமிழ் பில்' என்று மட்டும் வைக்கலாமென்றேன். "அது பொருளை விவரிக்கிற சொல். பதிவு செய்யறது கஷ்டம், நாளைக்குப் பக்கத்துக் கடைக்காரனும் வைப்பான்" என்றார் வக்கீல். என் அடுத்த பதினோரு யோசனைகள் வாக்கெடுப்பே இல்லாமல் தோற்றன. கடைசியில் சித்தப்பா பையனைச் சின்ன வயதில் கூப்பிட்ட ஒரு செல்லப் பெயரிலிருந்து ஒரு புது வார்த்தை பிறந்தது. (அதை இங்கே எழுதினால் ஆசிரியர் விளம்பரக் கட்டணம் கேட்பார்!)

வைப்பதற்கு முன்னால் தேடிப் பார்த்தோம். டிரேட் மார்க் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் இலவசமாகத் தேடலாம். மூன்று வருஷத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய கால் மணி நேர வேலை. ஸாஃப்ட்வேர் என்றால் 9-வது வகுப்பு, இணையம் வழியாகத் தரும் ஸாஃப்ட்வேர் சேவை என்றால் 42. தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையம் மூலம் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். கிண்டியில் இருக்கும் டிரேட் மார்க் அலுவலகம் பரிசீலித்து, ஜர்னலில் வெளியிட்டு, நாலு மாதம் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பதிவாகும். பத்து வருஷம் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். அந்த 4,500 ரூபாயை நான் கட்டினேன். இரண்டாவது பிராயச்சித்தம்.

புதுப் பெயர், சித்தி புடவை ஒன்றின் மாம்பழக் கலர், கீழே சின்ன எழுத்தில் அந்த ஒரு வரி. இரண்டு வாரத்தில் பட்டியலில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். நட்சத்திரம் பூஜ்யம். நானூறில் நூற்று எழுபது பேர்தான் தொடர்ந்து வந்தார்கள். ஒரு பையனை வேலையிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. அவனுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவன் நாற்காலியைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

தை மாதத்தில் ஒருநாள் நான் அங்கே இருந்தபோது ஒரு போன் வந்தது. மேடவாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். பழைய வாடிக்கையாளர், நடுவில் காணாமல் போனவர். ஸ்பீக்கரில் போட்டான் தம்பி.

"தம்பி, பில்லுல தமிழ்ல தொகை வருமே, இப்ப அது உங்ககிட்டதான் இருக்காமே? வேற ஒண்ணு வாங்கிப் போட்டேன். 'இருநூறு பத்தொன்பது'ன்னு அடிக்குது, கண்றாவி. உங்களோடதுல 'இருநூற்றுப் பத்தொன்பது'ன்னு 'ப்' போட்டு அழகா வரும். அதை யார் எழுதினது?"

"நான்தான் ஸார்" என்றான் தம்பி. "எங்கப்பா சொல்லிக் கொடுத்தது."

"கம்பெனி பேர் என்ன சொன்னீங்க? எழுதிக்கறேன்."

தம்பி சொன்னான். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிதானமாக, இரண்டு தடவை.